புழு உழாத சேறு

ஆளைப் பார்த்தால் ஒரு காற்றுக்குத் தாங்க மாட்டார். ஒட்டிய கன்னம், ஒடிசலான உடம்பு, போட்டிருக்கும் சட்டைக்குள் இன்னொருவர் தாராளமாகக் குடியேறலாம். ஆனால் தெருவில் அவருக்குப் பெயர் திமிங்கலம். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக்குப் போய்க் கையெழுத்துப் போடும்போதுதான் அவருக்கே ஞாபகம் வரும்.

பெயர் வந்த கதை எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் யாரும் சொல்லாமல் விடுவதில்லை. மெக்கானிக் கடைகளுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான பட்டறை ஒன்றில் அண்ணனும் தம்பியும் ஃபைபர் பொம்மைகள் செய்து வந்தார்கள். துணிக்கடை வாசலில் நிற்கும் யானை, பூங்காவில் வாயைப் பிளந்து குப்பையை விழுங்கும் தவளை, பள்ளிக்கூடத்துக்கு ஈரலும் குடலும் என்று கேட்டதெல்லாம் செய்வார்கள். ஒருமுறை நீச்சல் பூங்காக்காரர்கள் வந்து திமிங்கலம் கேட்டார்கள். குழந்தைகள் வால் பக்கம் ஏறி வாய் வழியாக வழுக்கிக்கொண்டு வர வேண்டுமாம். அளவெடுக்கும் பொறுப்பு அண்ணனுடையது. குளத்தை அளந்தார், படிக்கட்டை அளந்தார், கிடைத்த குழந்தைகளின் இடுப்பைக்கூட அளந்தார். பட்டறை வாசலை மட்டும் அளக்கவில்லை. வேலை முடிந்து, வண்ணம் காய்ந்து, லாரியும் வந்து நின்றது. தலை வெளியே வந்தது, உடம்பு வரமாட்டேன் என்றது. கடைசியில் சுவரை இடித்துத்தான் வெளியே எடுத்தார்கள். திமிங்கலத்தைச் செய்தது தம்பி, பெயர் மட்டும் அண்ணனிடம் ஒட்டிக்கொண்டது.

செய்வதெல்லாம் தம்பிதான். ஈரக் களிமண்ணை மேசைமேல் கொட்டி, பேசிக்கொண்டே பிசைந்தால் பேச்சு முடிவதற்குள் ஒரு ஆமை உட்கார்ந்திருக்கும். அந்தக் களிமண் உருவத்தின்மேல் அச்சு எடுத்து, அச்சில் ஃபைபர் ஊற்றி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தால் அதற்குப் பிறகு அண்ணன் வருவார். அவருடையது வண்ணம். ஒரு பூச்சு மெல்லியதாகப் பூசுவார். காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பிறகு அடுத்த பூச்சு. அவர் தீட்டிய மீனைப் பார்த்துப் பூனையே ஏமாந்து போனது என்று தம்பி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். பூனை அப்படியொன்றும் ஏமாறவில்லை. மோந்து பார்த்துவிட்டு அது பாட்டுக்குப் போய்விட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், டீ குடித்துவிட்டுக் கொஞ்சம் சாய்கிறேன் என்று மூட்டைமேல் சாய்ந்த தம்பி எழுந்திருக்கவில்லை. நெஞ்சு என்றார்கள். அண்ணன் அப்போது மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு வாத்துக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தார். தம்பி தூங்குகிறானே என்று சத்தம் போடாமல் தன் வேலையைத் தொடர்ந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்காது.

அதற்குப் பிறகு பட்டறை நின்றுவிடவில்லை, ஆனால் நடந்தது என்றும் சொல்ல முடியாது. சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கத் தம்பி எடுத்து வைத்துவிட்டுப் போன அச்சுகள். யானை கேட்டால் யானை அச்சு, தவளை கேட்டால் தவளை அச்சு. அலமாரியில் இல்லாததை யாராவது கேட்டால், "இப்ப நேரமே இல்லைங்க, கை நிறைய வேலை" என்று திமிங்கலம் பெருமையாகச் சொல்லி அனுப்பிவிடுவார். கை நிறையக் காற்றுதான் இருக்கும். அவருக்கு ஒரு எலிக்குட்டியைக்கூடச் சொந்தமாகப் பிடித்து வைக்க வராது. களிமண் தொட்டி காய்ந்து வெடித்துக் கிடந்தது. அதில் தண்ணீர் தெளிக்க யாருக்கும் மனசு வரவில்லை.

தம்பி மனைவி சில மாதம் வீட்டோடு கிடந்தாள். பிறகு ஒருநாள் காலையில் பட்டறைக்கு வந்து, யாரையும் கேட்காமல் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். நன்றாகத் தேய்த்தாள். அவள் தேய்த்த பரப்பில் ஈ உட்கார்ந்தால் வழுக்கும். பட்டறையில் பாதிப் பங்கு அவளுடையது. வேறு ஊரில் டயர் கடை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன், பங்கை விற்றுப் பணத்தை வாங்கிக்கொண்டு தன்னோடு வந்துவிடச் சொல்லி ஓயாமல் போன் செய்துகொண்டிருந்தார். அதை அவள் மறைக்கவில்லை.

"இந்த மியூசியம் வேலை முடியட்டும் மாமா. அப்புறம் சொல்றேன்," என்றாள்.

பாதிப் பட்டறை என்று ஒன்று உலகத்தில் கிடையாது. அவள் போனால் இடத்தை விற்க வேண்டும், அச்சுகளை எடைக்குப் போட வேண்டும். திமிங்கலம் சரி என்று தலையாட்டினார். அன்றிலிருந்து அவள் போன் அடித்தாலே அவர் தூரிகையை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார்.

அந்த மியூசியம் வேலையைக் கொண்டு வந்தவர் ஒரு பாறை ஆராய்ச்சிக்காரம்மா. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்ததால், மியூசியம் வாசலில் இருந்த காவலாளி முதல் நாளே அவரிடம் முட்டிவலிக்கு மருந்து கேட்டுவிட்டார். அன்றிலிருந்து எல்லாருக்கும் அவர் பாறை டாக்டர். நல்ல மனுஷி. சிரிக்கும்போது கண் காணாமல் போகும். மியூசியத்தில் புதிதாகக் கட்டிய கூடத்தில் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள் வைக்க வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு கார் நிற்கிற அளவு என்றார்.

"ரெண்டும் ஒரே கடல்தான் சார். ஒரே இடம். மொத பெட்டி, அழிவுக்கு முன்னாடி. ரெண்டாவது பெட்டி, அழிவுக்கு அப்புறம்."

"என்ன அழிவு டாக்டர்? சுனாமியா?"

"அதெல்லாம் இதுக்கு முன்னாடி தூசி. பூமியில பெரிய அழிவுன்னு அஞ்சு சொல்லுவோம். அதுலயே பெருசு இது. இருபத்தஞ்சு கோடி வருஷத்துக்கு முன்னாடி, பூமி பிளந்து எரிமலைக் குழம்பு ஒரு நாடு அகலத்துக்குப் பரவிடுச்சு. அந்தப் புகையில காத்து சூடாச்சு, கடலும் சூடாச்சு. சூடான தண்ணியில பிராணவாயு தங்காது. கடல் மூச்சு முட்டிடுச்சு சார். தண்ணி புளிச்சுப்போய், ஓடு கட்டி வாழ்ற பிராணிங்களுக்கு ஓடு கட்டவே முடியல. கடல்ல இருந்த வகையில நூத்துக்கு எண்பது, தொண்ணூறு போயே போச்சு."

திமிங்கலம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். முதல் பெட்டி அவருக்குத் திருவிழாவாக இருந்தது. பவளம், தண்டுமேல் பூத்து நிற்கும் கடல் அல்லி, சுருள் ஓடு, சிப்பி போலவே இருந்தும் சிப்பி இல்லாத ஏதோ ஒன்று. அலமாரியில் தேடினால் தம்பி எப்போதோ ஒரு மீன் காட்சிசாலைக்காக எடுத்த அச்சுகள் ஏராளம் கிடைத்தன. அல்லியும் பவளமும் சுருள் ஓடும் அப்படியே உதவின. கொஞ்சம் வெட்டி ஒட்டினால் மற்றதும் ஒப்பேறியது. பாறை டாக்டர் ஒவ்வொன்றையும் பார்த்து, இது சரி, இதற்கு ஒரு கால் அதிகம் என்று சொன்னார். தம்பி மனைவி தேய்த்தாள், அவர் வண்ணம் தீட்டினார். அப்படியொரு நிறக் கலவை அவர் வாழ்க்கையில் அதுவரை வரவில்லை. பெட்டிக்கு முன்னால் நின்றால் காதில் அலைச் சத்தம் கேட்பது போல இருக்கும்.

இரண்டாவது பெட்டியில் என்ன வைக்க வேண்டும் என்று கேட்டபோது, பாறை டாக்டர் ஒன்றும் வேண்டாம் என்றார்.

"ஒண்ணுமே வேண்டாமா?"

"வெறும் சேறு. மேல மங்கலான தண்ணி வெளிச்சம். அவ்வளவுதான்."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிப் புலம்பினார். அவர் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், மாத்திரை மாதிரியே சின்னதாகவும் கசப்பாகவும் பேசுவாள். "காலிப் பெட்டி செய்யறதுக்கு ஒரு ஆளு, அதுக்கு ஒரு கூலி. இந்த வேலையை நீங்க நல்லாவே செய்வீங்க," என்றாள். அவருக்குச் சுருக்கென்றது. கடலைச் செய்யச் சொன்னால் செய்யலாம், ஒன்றுமில்லாததை எப்படிச் செய்வது? பார்க்க வருகிறவர்கள், ஆள் பாதியில் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான் என்று அல்லவா நினைப்பார்கள்?

மனசு ஒட்டாத வேலையில் கை சுருக்கு வழி தேடும். முதல் பெட்டியின் தரைக்குத் தம்பியின் கடல் தரை அச்சு ஒன்றைத்தான் பயன்படுத்தியிருந்தார். மேடும் பள்ளமுமாக, நுணுக்கமான அச்சு. ஒரே இடம், ஒரே கடல் என்று டாக்டரே சொல்லிவிட்டார் இல்லையா? அதே அச்சில் இன்னொரு தரை ஊற்றினார். கருஞ்சாம்பல் அடித்தார். இரண்டாவது பெட்டிக்குள் இறக்கி, விளக்கைப் போட்டு, கையைத் தட்டிக்கொண்டார். பாறை டாக்டர் வெளியூர் போயிருந்தார். திறப்பு விழாவுக்கு ஒரு வாரமே இருந்தது.

ஊரிலிருந்து திரும்பியவர் முதல் பெட்டியைப் பார்த்துக் குழந்தை மாதிரி குதித்தார். இரண்டாவது பெட்டிக்கு வந்தார். குதிக்கவில்லை. குனிந்தார், பிறகு முட்டி போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குப் போய்ப் பார்த்தார்.

"சார், இந்த வளைஞ்சு வளைஞ்சு போற கோடெல்லாம் என்ன?"

"அது சும்மா டாக்டர், அச்சுல இருக்கறது. சேத்துல புழு பூச்சி போன தடம். தம்பி சுண்டு விரலால இழுத்துவிட்டது."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே உறைத்துவிட்டது. செத்துப்போன கடலில் புழு நெளிந்து போயிருந்தது.

பாறை டாக்டர் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். "தப்பு எம்மேல சார். சேறுன்னா சேறுதான்னு நெனச்சுட்டேன். நான் மொதல்லயே சொல்லியிருக்கணும். உயிர் இருக்கற கடல்ல புழுவும் நண்டும் சேத்தை உழுதுகிட்டே இருக்கும். போன வருஷம் படிஞ்சதும் இந்த வருஷம் படிஞ்சதும் ஒண்ணாக் கலந்துடும். அதுங்க செத்துட்டா உழ ஆள் இல்ல. மேலேர்ந்து விழற வண்டல் விழுந்த மாதிரியே படியும், குறுக்கால வெட்டிப் பாத்தா கோடு கோடா, தாள் அடுக்கின மாதிரி இருக்கும். பாறையில அந்தக் கோடுகளைப் பாத்துத்தான் சார் நாங்க கண்டுபிடிக்கறோம், இங்க எல்லாம் நின்னுபோச்சுன்னு. அந்த அழிவுக்கு எங்ககிட்ட இருக்கற சாட்சியில அதுவும் ஒண்ணு."

"மாத்தணுமா?"

"அந்தக் கோடு முன்பக்கம் தெரியற மாதிரி மாத்தணும், இப்படியே வைக்க என்னால முடியாது சார். பாக்கறவங்களுக்குத் தெரியாதுதான். எனக்குத் தெரியுமே." பிறகு தயங்கினார். "உங்களுக்கு நேரம் பத்தலைன்னா சொல்லுங்க, வேற பட்டறையில கேட்டுப் பாக்கறேன். மேலிடத்துல, இனிமே வரப்போற கூடத்துக்கெல்லாம் ஒரே ஆளா எடுக்கணும்னு பேசிக்கறாங்க."

அவர் மிரட்டிச் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னார். திமிங்கலம் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். இந்த வேலை கைநழுவினால் தம்பி மனைவியிடம் இரு என்று சொல்ல அவரிடம் ஒரு வார்த்தையும் மிஞ்சாது. முடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தரையைப் பெயர்த்து வண்டியில் ஏற்றினார்.

பட்டறையில் அலமாரி முழுவதையும் கவிழ்த்துத் தேடினார். கோடு கோடான சேற்றுக்கு அச்சு இல்லை. தம்பி எதைச் செய்தாலும் அதில் ஏதாவது ஊர்ந்திருந்தது, ஏதாவது முளைத்திருந்தது. சரி, நாமே செய்வோம் என்று பிளாஸ்டரைக் குழைத்துக் கட்டியாக ஊற்றி, விளிம்பில் சீப்பால் கோடு இழுத்தார். தலை வாரின மாதிரி இருந்தது. ரம்பத்தால் கீறினார், படிக்கட்டு மாதிரி இருந்தது. தூரிகையால் கோடு வரைந்தார். அது வரைந்த கோடு என்று கண் தெரியாதவன்கூடச் சொல்லிவிடுவான். மூன்றையும் உடைத்துப் போட்டார். தம்பி மனைவி எதுவும் சொல்லாமல் உடைந்ததைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தமின்மைதான் அவரைச் சீண்டியது.

"அவன் இருந்திருந்தா ஒரு மணி நேர வேலை!" என்று கத்தினார்.

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "அவராலயும் முடிஞ்சிருக்காது மாமா."

"என்ன பேசற நீ?"

"அவருக்குச் சும்மா இருக்கத் தெரியுமா? ஒரு ஷூ கயிறு கட்டக் குடுத்தாக்கூட அதை முறுக்கிப் பாம்பு செஞ்சு வைப்பாரு. ஒண்ணும் இல்லாத சேறு வேணும்னா அவர் எப்படிச் செய்வாரு? கை பட்டுக்கிட்டே இருக்குமே."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. உண்மையாக இருந்ததால் கோபம் தலைக்கு ஏறியது. கையிலிருந்த சுத்தியால் மேசை விளிம்பில் ஓங்கி ஒரு போடு போட்டார். அந்த விளிம்பில்தான் அவர் வண்ணம் தீட்டும்போதெல்லாம் தூரிகையில் அதிகப்படியாக இருப்பதை வழித்துவிடுவார். வருஷக்கணக்காக வழித்து வழித்து அது ஒரு பெரிய தேங்காய் அளவுக்குக் கட்டி தட்டிப் போயிருந்தது. சுத்தி பட்டதும் அந்தக் கட்டி நடுவில் பிளந்து பாதி கீழே விழுந்தது.

அவள்தான் எடுத்தாள். பார்த்தாள். அவரிடம் நீட்டினாள்.

பிளந்த முகம் முழுக்கக் கோடுகள். நூலிழை கனத்தில் சிவப்பு, அதன்மேல் பச்சை, அதன்மேல் சாம்பல். ஒவ்வொரு கோடும் ஒரு வேலை. அடியில் இருந்த அந்த நீலம் சந்தேகமே இல்லாமல் நீச்சல் பூங்காத் திமிங்கலம். அதற்கு மேல் தவளைப் பச்சை. யாரும் இழுத்த கோடுகள் இல்லை அவை. பூசி, காய்ந்து, மறுபடி பூசிப் பூசி, தானாக அடுக்கிக்கொண்டவை. சீப்பும் ரம்பமும் எதற்கு? கோட்டைச் செய்யக் கூடாது, படிய விட வேண்டும். ஒரு பூச்சு, ஒரு காத்திருப்பு. அந்த வேலையைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்துகொண்டிருந்தார்.

"மாமா," என்றாள் தம்பி மனைவி. "மேல பாருங்க."

கட்டியின் அடிப்பகுதியிலிருந்து முக்கால் உயரம்வரை கோடுகள் கலங்கலாக இருந்தன. எல்லாக் கோட்டிலும் பழுப்பாகத் துணுக்குத் துணுக்காக ஏதோ கலந்திருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் தம்பி பிசைந்து தெறித்த களிமண். ஈர வண்ணத்தில் விழுந்து அப்படியே இறுகிப்போனது. ஒரு மஞ்சள் கோடு வரை அது இருந்தது. மஞ்சளுக்கு மேல் ஒரு துணுக்குக்கூட இல்லை. கோடுகள் தாள் அடுக்கினது போலச் சுத்தமாக, ஒழுங்காக மேலே போயின.

"இங்கயா?" என்று மஞ்சள் கோட்டின்மேல் விரலை வைத்துக் கேட்டாள்.

"வாத்து," என்றார். "வாத்துக்கு மஞ்சள் அடிச்சுக்கிட்டிருந்தேம்மா. தூங்கறான்னு நெனச்சுட்டேன்."

அதுவரை இந்த வார்த்தையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் உடைந்துவிட்டார். வாய்விட்டு அழுதார். அவளும் அழுதாள். மூத்தார் முன்னால் அழக் கூடாது, தம்பி மனைவி முன்னால் அழக் கூடாது என்ற மரியாதையெல்லாம் அந்த நேரத்தில் காற்றில் பறந்தது. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவர் தூக்கத்துலதான் போனாருன்னு ஆஸ்பத்திரி டாக்டரே சொன்னாங்க மாமா. நீங்க எழுப்பியிருந்தாலும் எழுந்திருக்க மாட்டாரு," என்றாள். இத்தனை நாள் அவள் இதைச் சொல்லாததற்குக் காரணம், அவர் இப்படியொரு பாரத்தைச் சுமக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் காலையிலிருந்து ஊற்ற ஆரம்பித்தார்கள். பலகை அடித்து ஒரு தொட்டி, நாலு மூலையும் சம மட்டம். அவள் பிளாஸ்டரை மோர் மாதிரி தண்ணியாகக் கரைத்துக் கொடுத்தாள். அவர் நிறம் கலந்தார். கறுப்பு, கருஞ்சாம்பல், கொஞ்சம் பழுப்பேறிய சாம்பல். மெல்லியதாக ஒரு படலம் ஊற்றிவிட்டு இருவரும் விலகி உட்கார்ந்தார்கள். காய்ந்தது. அடுத்த படலம். தொடக் கூடாது, ஊதக் கூடாது, பக்கத்தில் நின்று தும்மக்கூடக் கூடாது. ஒன்றும் செய்யாமல் இருப்பதில் அவருக்கு நிகர் அவரே என்று மனைவி அடிக்கடி சொல்வதில் உண்மை இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த மனைவியே ஒருநாள் சாயங்காலம் டீ கொண்டு வந்தாள். அவள் காலோடு பூனையும் உள்ளே வந்தது. யாரும் பார்ப்பதற்குள் ஏறி, ஈரப் படலத்தின்மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மகாராணி மாதிரி நடந்து போனது.

"ஐயோ, இருபத்தஞ்சு கோடி வருஷத்துக்கு முன்னாடி ஏதுடி பூனை!" என்று திமிங்கலம் தலையில் அடித்துக்கொண்டார்.

"அதான் எல்லாம் செத்துப்போச்சுல்ல, அதுங்களைத் தின்ன வந்திருக்கும்," என்றாள் மனைவி, டீயை நீட்டிக்கொண்டே. தம்பி மனைவி சிரித்தாள். அவள் சத்தம் போட்டுச் சிரித்து அந்தப் பட்டறை வெகுநாளாகக் கேட்டதில்லை. அந்தப் படலத்தை வழித்தெடுத்துவிட்டு மறுபடி ஊற்றினார்கள்.

எல்லாம் இறுகிய பிறகு முன்பக்கப் பலகையைக் கழற்றினார்கள். பார்த்தால் வெறும் சாம்பல் சுவர், வழிந்தும் அப்பியும் கிடந்தது. கோடு ஒன்றும் தெரியவில்லை. அவருக்குத் திக்கென்றது. அவள் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் கரடு, பிறகு நடுத்தரம், பிறகு தொட்டால் துணி மாதிரி இருக்கும் மெல்லிய தாள். தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்க்கத் தேய்க்க, ஒவ்வொன்றாகக் கோடுகள் எழுந்து வந்தன. கறுப்பு, சாம்பல், கறுப்பு. ஒன்றும் உழாத, ஒன்றும் ஊராத சேறு. அவர் ஊற்றாமல் அது இல்லை, அவள் தேய்க்காமல் அது தெரியாது.

பாறை டாக்டர் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். முட்டி போடவில்லை. கையைக் கண்ணாடிமேல் வைத்துக்கொண்டு, "இதேதான் சார்," என்றார். "நான் மலையில பாத்தது இதேதான்." கண் கலங்கியிருந்தது.

திறப்பு விழாவன்று கூட்டம் முதல் பெட்டியில் அப்பிக்கொண்டது. படம் எடுத்தார்கள், பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். இரண்டாவது பெட்டிக்கு வந்ததும் ஒரு பெரிய மனிதர், "இன்னும் வேலை முடியல போல," என்று தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டே நகர்ந்தார். திமிங்கலத்துக்குச் சிரிப்புதான் வந்தது. தம்பி மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது.

"முடிஞ்சிருச்சு சார்," என்றாள் சத்தமாக. "எல்லாம் முடிஞ்சுபோனதைத்தான் காட்டியிருக்கு. கோட்டைப் பாருங்க."

அவர் திரும்பி வந்து பார்த்தார். அவருக்குப் பின்னால் நாலு பேர் பார்த்தார்கள். அவள் விரலால் காட்டிக் காட்டி, புழுவையும் சேற்றையும் பற்றிச் சொன்னாள். கேட்டவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு பாறை டாக்டர் இருவரையும் உட்கார வைத்து, மூன்றாவது பெட்டி ஒன்று வேண்டும் என்றார். அழிவுக்குப் பிறகு திரும்பி வந்த கடல்.

"பழையபடி வந்துச்சா டாக்டர்?" என்று கேட்டாள் தம்பி மனைவி. "மொத பெட்டியில இருக்கற மாதிரி?"

"இல்லம்மா. போனது போனதுதான். அந்த வகைங்க அப்புறம் வரவே இல்ல. ஓரளவுக்குத் தேறவே லட்சக்கணக்கான வருஷம் ஆச்சு. மொதல்ல வந்தது ஒரு சின்னச் சிப்பி. தட்டையா, மெல்லிசா, அழகுன்னு சொல்ல ஒண்ணும் இருக்காது. ஆனா எங்க பாத்தாலும் அதுதான். அதுக்கப்புறம் மெதுவா வேற வேற உயிரெல்லாம் வந்துச்சு, வேற மாதிரி கடல்."

அதற்கு அச்சு இல்லை என்று திமிங்கலம் சொல்ல வாயெடுத்தார். யோசித்துச் சொல்கிறோம் டாக்டர் என்று தம்பி மனைவி முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள்.

பேருந்தில் வரும்போது இருவரும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் போன் அடித்தது. எடுத்து, "இல்லண்ணே, இப்ப வண்டியில இருக்கேன், வீட்டுக்குப் போய்ப் பேசறேன்," என்று வைத்தாள். வேலை முடிந்துவிட்டது. சொல்கிறேன் என்று சொன்ன நாள் வந்துவிட்டது. திமிங்கலம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போ என்று சொல்லத் தெம்பு இல்லை, இரு என்று சொல்ல உரிமை இல்லை. அவள் வயசு அப்படி, அவள் வாழ்க்கை அது. வாசல் வரைக்கும் சிரித்த முகமாக வழியனுப்ப வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"மாமா," என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"சொல்லும்மா."

"அவர் அச்சையே வெச்சுக்கிட்டு இனிமே எத்தனை நாள் ஓட்டறது?"

"புரியுதும்மா. நீ சொல்றது சரிதான்."

"புரியல உங்களுக்கு." அவள் முன்னால் குனிந்து இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு எனக்குக் களிமண் வாங்கிக் குடுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். தம்பி போன பிறகு அந்தப் பட்டறையில் களிமண் என்ற வார்த்தையையே யாரும் சொன்னதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்போதும் தம்பிக்கு வாங்குகிற கடையிலேயே நல்ல ஈரமாகப் பார்த்து நாலு மூட்டை எடுத்து வருகிறேன் என்று ஒருவழியாகச் சொன்னார்.

"ஒரு மூட்டை போதும் மாமா," என்றாள். "மொதல்ல சின்னதாத்தான் செய்வேன்."